தங்கள் மாடிக் கொடியில் காயும் வேட்டிகள் குறித்து

திருமுல்லைவாயில்,
கத்திரி தொடங்கிய வாரம், செவ்வாய்க்கிழமை, வேர்வையுடன்.

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி திரு. வீராசாமி அவர்களின் சமூகத்திற்கு, வேலுசாமி வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நான், என் மனைவி நாகம்மா, தலைப்பிரசவத்திற்கு வந்திருக்கும் தங்கள் மருமகள் தீபிகா ஆகிய மூவரும் நலம். அங்கு தாங்களும், சம்பந்தியம்மா வேம்புலியம்மாள் அவர்களும், மாப்பிள்ளை கார்த்திகேசனும், தங்கள் வீட்டு மாடிக் கொடியில் காயும் உருப்படிகள் அனைத்தும் நலமாக இருக்க எங்கள் ஊர் மாசிலாமணீஸ்வரரை வேண்டுகிறேன்.

உருப்படிகள் என்பது கை தவறி வந்துவிட்டது. அடித்துவிடலாம் என்று பேனாவை எடுத்தேன். பிறகு, இந்தக் கடிதமே அவற்றைப் பற்றியதுதான் என்பதால் விட்டுவிட்டேன்.

திருமுல்லைவாயிலுக்கும் பட்டாபிராமுக்கும் நடுவே அண்ணனூர், ஆவடி, இந்துக் கல்லூரி ஆகிய ஸ்டேஷன்கள்தான் இருக்கின்றன, ரயிலில் ஏறி உட்கார இடம் தேடி முடிப்பதற்குள் உங்கள் ஊர் வந்துவிடும், அப்படியிருக்க இந்த மனிதன் எதற்காகக் கடிதம் எழுதுகிறான் என்று தாங்கள் நினைப்பது நியாயமே. போனில் சொல்லலாம்தான். போன் செய்தால் சம்பந்தியம்மா எடுக்கிறார்கள், எடுத்ததும் ஸ்பீக்கரில் போட்டு, "பேசுங்கோ சம்பந்தி, நாங்க எல்லாரும் கேட்டுகினுதான் கீறோம்" என்கிறார்கள். எல்லாரும் கேட்டுக்கொண்டிருக்கும்போது சொல்லக்கூடிய விஷயமாக இருந்தால் நான் ஏன் இப்படி இளைக்கப் போகிறேன்? நேரில் சொல்லவும் மூன்று தடவை வந்தேன். மூன்று தடவையும் காபி குடித்துவிட்டு, மாப்பிள்ளையின் கம்பெனியில் ஷிப்ட் எப்படி என்று விசாரித்துவிட்டுத் திரும்பினேன். மூன்றாவது தடவை தங்கள் மாடியில் நடந்ததைப் பற்றித் தங்கள் வீட்டில் வேறு விதமாகப் பேசிக்கொள்வதாகவும் அறிகிறேன். அதற்கும் இதிலேயே விளக்கம் இருக்கிறது. முதலிலிருந்து சொன்னால்தான் புரியும், பொறுத்தருள வேண்டும்.

வளைகாப்பு முடிந்து தீபிகாவை இங்கே அழைத்து வந்தோம் இல்லையா, வந்த சில நாட்களிலேயே அவளுக்கு முதுகிலும் வயிற்றைச் சுற்றியும் சிவந்து தடித்து அரிக்க ஆரம்பித்தது. முதலில் மாங்காய் என்றோம், மாங்காயை நிறுத்தினோம். பிறகு தண்ணீர் என்றோம், லாரித் தண்ணீரை விட்டுக் கேன் தண்ணீரில் குளிக்க வைத்தோம். பிறகு சோப்பு என்றோம். பக்கத்து வீட்டு ராஜம்மா கண்ணேறு என்றார், பூசணிக்காய் சுற்றி உடைத்தோம், அதில் வழுக்கி நான் விழுந்ததுதான் மிச்சம். கடைசியில் ஆவடியில் அவளுக்குப் பிரசவம் பார்க்கப்போகும் டாக்டரம்மாவிடமே காட்டினோம். அந்த அம்மாள் தோலைப் பார்க்கவே இல்லை. தீபிகா போட்டிருந்த மேக்ஸியின் விளிம்பை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, இந்த வெயிலில் இதைப் போட்டிருப்பது தக்காளியைப் பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி வைப்பது மாதிரி, வேர்வையை இந்தத் துணி குடிக்கவும் குடிக்காது, வெளியே விடவும் விடாது, இனிமேல் தளர்வாகப் பருத்தி மட்டும் போடுங்கள், பிறக்கிற குழந்தைக்கும் பருத்திதான், அதுவும் நிறைய தடவை துவைத்து மெத்தென்று ஆனதாக இருக்கட்டும் என்றார். அந்த மேக்ஸியை வாங்கிக் கொடுத்தவன் நான். சுருங்காது, சாயம் போகாது, இஸ்திரி வேண்டாம் என்று கடையில் நின்று நாகம்மாவிடம் பிரசங்கம் செய்து வாங்கினேன்.

வீட்டுக்கு வந்ததும் நாகம்மா தன் பங்குக்கு ஒரு சட்டத்தைச் சேர்த்தாள். "பச்சப் பிள்ளைக்கு மொத மாசம் புதுத்துணி போடக் கூடாது. கட்டிக் கட்டி நைஞ்ச வேட்டியும் சேலையுந்தான் கிழிச்சுப் போடணும், அதுலதான் தூளியும் கட்டணும். தலைப்பிரசவம் நம்ம வீட்டுல. நாமதான் எடுத்து வைக்கணும்" என்றாள். டாக்டரம்மாவும் நாகம்மாவும் இதுவரை எதிலும் ஒத்துப்போனதில்லை. இரும்புச்சத்து மாத்திரையா முருங்கைக்கீரையா என்பதில் தொடங்கி எல்லாவற்றிலும் இருவரும் எதிர்க்கட்சி. இதில் மட்டும் ஒன்றாகச் சேர்ந்துவிட்டதால் எனக்கு மேல்முறையீடு செய்ய இடமில்லாமல் போயிற்று.

பழைய துணிதானே, அதற்கென்ன பஞ்சம் என்று பீரோவைத் திறந்தேன். சம்பந்தி அவர்களுக்குத் தெரியும், நான் படைவீரர்களுக்குச் சீருடை தைக்கும் தொழிற்சாலையில் துணிப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வருகிற துணிப் பேலில் ஒரு நூலை இழுப்பேன், கொளுத்துவேன், முகர்வேன், எழுதுவேன். பனிமலையில் நிற்கிற வீரனின் சட்டை கிழியக் கூடாது, அது நியாயம். மலைக்கு எது நல்லதோ அது திருமுல்லைவாயிலுக்கும் நல்லது என்று நான் எடுத்துக்கொண்டதுதான் பிழை. கிழியாத துணி என்பதைக் குடும்பக் கொள்கையாகவே வைத்திருந்தேன். அதன் விளைவாக என் பீரோவில் பழைய துணிகள் நிறைய இருக்கின்றன, ஆனால் நைந்த துணி ஒன்றுகூட இல்லை. எல்லாம் அமரத்துவம் பெற்றவை. என் கல்யாணத்துக்குத் தைத்த சட்டை இன்றைக்கும் நேற்று வாங்கியது போல் இருக்கிறது, நான்தான் அதற்குள் போக முடியாமல் மாறிவிட்டேன்.

சரி, எதிலாவது பருத்தி இருக்காதா என்று பழைய பழக்கத்தில் ஒரு தட்டை எடுத்து வைத்துக்கொண்டு, உருப்படிக்கு ஒரு நூலாக இழுத்துக் கொளுத்தினேன். பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாசனை வரும், ஊதினால் பறக்கிற சாம்பல் விழும். பாலியஸ்டர் என்றால் நெருப்பைக் கண்டதும் சுருண்டு உருகிக் கறுப்பு மணியாகக் கெட்டிப்படும். மதியத்துக்குள் தட்டு நிறைய மணி. கோத்தால் இரட்டை வடம் வரும். தலையணை உறை, போர்வை, ஜன்னல் திரை, கைக்குட்டை, நான் யோகாசனம் செய்யும் பனியன் எல்லாம் மணி. காட்டன் சேலை என்று நாகம்மா நம்பி, நம்பிக்கையோடு கஞ்சியும் போட்டு வந்த சேலைகளும் மணி. அவள் சமையலறையிலிருந்து வந்து பார்த்தாள். "சேலையக் கொளுத்துறதுக்கா உங்களுக்கு கவர்மெண்ட்டு பென்ஷன் குடுக்குது?" என்று கேட்டதோடு அன்றைக்குப் பேச்சு முடிந்தது. வளைகாப்புக்குத் தாங்கள் அன்போடு எடுத்து வந்த சேலையிலும் உள்மடிப்பில் ஒரே ஒரு நூல் எடுத்தேன். அதன் முடிவை நான் இங்கு எழுதப் போவதில்லை. மிகவும் நீடித்து உழைக்கும் சேலை என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

மறுநாள் அம்பத்தூரில் பழக்கமான யூசுப் பாய் கடைக்குப் போனேன். அவர் எதை எடுத்துப் போட்டாலும் காட்டன் என்றார். அட்டையைப் புரட்டினால் காட்டன் கலவை என்றிருந்தது, இன்னொன்றில் காட்டன் போன்ற மென்மை என்றிருந்தது, மூன்றாவதில் பஞ்சுப் பூவின் படம் மட்டும் இருந்தது, படத்தைத் தவிர மற்றதெல்லாம் பாலியஸ்டர். நான் ஒரு நூலை இழுத்துத் தீக்குச்சியைக் கிழித்ததும் அவர் கல்லாவிலிருந்து தாவி வந்தார். "இன்னா சார், கடையக் கொளுத்த வந்துகீறியா? ஆடி வரட்டும், தள்ளுபடின்னு போர்டு மாட்டி நானே கொளுத்திக்கிறேன்" என்றார். அடுத்து மூங்கில் துணி என்று ஒன்றைக் காட்டினார். அது ரேயான் வகை, கொளுத்தினால் பருத்தி மாதிரியே எரிந்து ஆளை ஏமாற்றும், நனைத்து இழுத்தால்தான் குட்டு வெளிப்படும். எனவே தண்ணீர் கேட்டேன். பாவம், தாகம் என்று நினைத்து ஐஸ் போட்டுக் கொடுத்தார். நான் அதில் துணியின் நுனியை முக்கி இழுக்கவும் நூல் பட்டென்று அறுந்தது. அவர் என்னையும் டம்ளரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு உள்ளே போய், யாரும் கேட்பதில்லை என்று அடியில் கிடந்த மல் வேட்டிக் கட்டு ஒன்றைக் கொண்டுவந்தார். கைத்தறி. கொளுத்தினேன், முகர்ந்தேன், சுத்தப் பருத்தி. சந்தோஷத்தில், இதே மாதிரி பழசு இருக்கிறதா என்று கேட்டுவிட்டேன்.

யூசுப் பாய் கட்டைக் கீழே வைத்தார். பிறகு, "புச்சு வோணும்னு வருவாங்கோ, புது டிசைன் வோணும்னு வருவாங்கோ. பழசு கீதான்னு கேட்டு வந்த மொத ஆளு நீதான் நைனா. பழச எவன் விப்பான்? கட்டு, தோய். மறுபடி கட்டு, மறுபடி தோய். தானா பழசாவும்" என்றார்.

சம்பந்தி, யோசித்துப் பார்த்தால் இது எவ்வளவு பெரிய சிக்கல் தெரியுமா? புதுத்துணியை யார் வேண்டுமானாலும் வாங்கிவிடலாம். நைந்த துணியை வாங்க முடியாது. அதற்கு ஒரு மனிதன் வருஷக்கணக்காகத் தன் உடம்பைக் கொடுத்திருக்க வேண்டும். எனக்கு இருப்பதோ சில வாரம். இருந்தாலும் மனம் தளராமல் அந்தக் கட்டை வாங்கி வந்து அன்றைக்கே கட்ட ஆரம்பித்தேன். வாழ்நாள் முழுதும் பேண்ட் போட்டவன். காலையில் ஒன்று, மதியம் ஒன்று, மாலையில் ஒன்று என்று கட்டி, துவைத்து, காயப்போட்டு, கரகரப்பு போகட்டும் என்று மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தேன். ஒரு நாள் ஆவடிச் சந்தைக்கு வேட்டியில் ரயிலேறினேன். கூட்டத்தில் முன்னால் நின்றவரின் தோள்பை ஜிப்பில் வேட்டி மாட்டிக்கொண்டது, அவர் அண்ணனூரில் இறங்கினார், வேட்டியும் அவரோடு இறங்கப் பார்த்தது, ஆவடிக்கு டிக்கெட் வாங்கியிருந்த நானும் அண்ணனூரில் இறங்க வேண்டியதாயிற்று. அவர் நல்ல மனிதர், பிளாட்பாரத்தில் நின்று ஜிப்பைப் பொறுமையாக விடுவித்துக் கொடுத்து, "பெல்ட்டு போடு அண்ணாத்தே" என்று அறிவுரையும் சொல்லிவிட்டுப் போனார். இங்கே ராஜம்மா வேறு நாகம்மாவைத் தனியாக அழைத்து, "உங்க ஊட்டுக்காரரு ஒரே வேட்டிய நாள்பூரா தோச்சிகினே கீறாரே, மன்சுல எதுனா கொறையாக்கா?" என்று கேட்டிருக்கிறார். கோடைக்காலத்தில் இவ்வளவு தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தெருவே விசாரிக்கத் தொடங்கியது.

ஒரே ஆள் கட்டிப் பழசாக்க முடியாது என்பது புரிந்தபோது எனக்கு ஒரு யோசனை தோன்றியது. அது தோன்றாமல் இருந்திருக்கலாம். ஆளுக்கு ஒரு வேட்டி கொடுத்து, நன்றாகக் கட்டுங்கள், தினமும் துவையுங்கள், நீலம் போடாதீர்கள், கஞ்சி போடாதீர்கள், நைந்ததும் திருப்பிக் கொடுங்கள் என்று சொல்லிக் காவல்காரர், பால்காரர், டீக்கடை மாஸ்டர், பார்க்கில் சீட்டாடும் பெரியவர்கள் என்று விநியோகித்தேன். அவர்கள் முதல் பாதியைத்தான் கேட்டார்கள். மறுநாள் காலை என் வீட்டு வாசலில் கூட்டம். ஆண்களுக்குத்தானா, பெண்களுக்குச் சேலை இல்லையா என்றார்கள். எந்தக் கட்சி என்றார்கள். சுயேச்சை என்றால் சின்னம் என்ன என்றார்கள். எங்கள் வார்டின் மேல் ரொம்ப நாளாகக் கண் வைத்திருக்கும் ஒருவர், பெயர் வேண்டாம், நாலு பேரோடு வந்து மரியாதையாக உட்கார்ந்து, நீங்கள் யார் சொல்லி நிற்கிறீர்கள் என்று கேட்டார். என் மகளுக்குப் பிரசவம், அதற்காகத்தான் என்றேன். "நிக்கிறவங்க எல்லாருக்கும் ஒரு காரணம் இருக்கும் சார்" என்று சொல்லிவிட்டு, நாகம்மா கொடுத்த மோரைக் குடிக்காமலே போனார். எனக்குப் பயமாகிவிட்டது. வேட்டிகளை இப்போதே திருப்பி வாங்கிவிடலாம் என்று டீக்கடைக்குப் போனேன். மாஸ்டர் என் வேட்டியைக் கட்டிக்கொண்டுதான் டீ ஆற்றிக்கொண்டிருந்தார். "குட்த்துட்டு ஓட்டு கேப்பாங்கோ. குட்த்துட்டு வேட்டிய கேக்கற மொத ஆளு நீதான் சார். ஜெயிச்சா இன்னா பண்ணுவே?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். ஒன்றுகூடத் திரும்பவில்லை. வாக்கு எண்ணிக்கையே நடக்காமல் டெபாசிட் இழந்தவன் நான் ஒருவன்தான்.

இந்த நிலையில்தான், சம்பந்தி அவர்களே, தங்கள் நினைவு வந்தது. பருத்தி தவிர எது பட்டாலும் தங்கள் உடம்பு தடித்துவிடும், அதனால் நம் பிள்ளைகள் கல்யாணத்தன்றுகூடப் பட்டு வேண்டாம் என்று பழைய நாலு முழத்தில் மணமேடையில் உட்கார்ந்தீர்கள். அன்றைக்கு எங்கள் பக்கத்து உறவினர்கள் அதைப் பற்றிக் குறையாகப் பேசினார்கள், நானும் தலையாட்டினேன். இன்றைக்கு இந்த மேற்குப் புறநகர் முழுக்கப் புத்தியுள்ள உடம்பு தங்களுடையது ஒன்றுதான் என்று எழுத எனக்குத் தயக்கமில்லை. உடனே ரயிலேறினேன். முதல் தடவை மாம்பழத்தோடு வந்தேன், காபி கிடைத்தது, சொல்லவில்லை. இரண்டாம் தடவை தர்ப்பூசணியோடு வந்தேன். "இன்னா சம்பந்தி, பேச்சே காணோம், வெயில் தாங்கலியா?" என்று தாங்களே கேட்டீர்கள். தாங்கவில்லை என்றேன், மறுபடியும் காபி.

மூன்றாம் தடவை, காற்று வாங்கிவிட்டு வருகிறேன் என்று தங்கள் மாடிக்குப் போனேன். கொடி நிறைய வேட்டி. அப்படி ஒரு துணியை என் பரிசோதனை மேஜையில் நான் பார்த்ததே இல்லை. வெயில் அதன் வழியாக வந்து தரையில் விழுந்தது. வேட்டிக்குப் பின்னால் இருந்த தண்ணீர்த் தொட்டியின் கம்பெனிப் பெயரை வேட்டி வழியாகவே வாசிக்க முடிந்தது. கன்னத்தில் வைத்துப் பார்த்தேன், ஒப்புக்கொள்கிறேன். கை சும்மா இருக்கவில்லை, விளிம்பிலிருந்து ஒரு நூலை இழுத்துவிட்டது. அது பருத்திதான் என்று தெரியும், தெரிந்தும் கொளுத்தினேன். பள்ளிக்கூட நோட்டு எரிகிற மாதிரி ஒரு வாசனை. சாம்பல் விரலில் நிற்கக்கூட இல்லை. இந்த வேட்டியில் என் பேரப்பிள்ளை படுத்துக் கிடந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்தேன், கண் கலங்கிவிட்டது. அப்போதுதான் சம்பந்தியம்மா வாளியோடு படியேறி வந்து, "இன்னா சம்பந்தி, தனியா நின்னுகினு இன்னா கொளுத்திகினு கீறீங்க?" என்று கேட்டார்கள்.

உங்கள் வீட்டுக்காரர் வேட்டியைத்தான் என்று எப்படிச் சொல்வேன்? பீடி என்று சொல்லிவிட்டேன். என் ஆயுளில் நான் பீடியைக் கையால் தொட்டதில்லை. கண் ஏன் கலங்கியிருக்கிறது என்றார்கள், புகை என்றேன். "உடம்ப பாத்துக்கோங்கோ, பேரப்புள்ள பொறக்கப் போவுது" என்று அந்த அம்மாள் சொன்ன அன்பான குரல் இன்னும் என்னைக் குத்துகிறது. அந்த வாரமே மாப்பிள்ளை, புகையை நிறுத்துவதற்கான மிட்டாயோடு வந்து, மாமா நீங்களுமா என்று வருத்தப்பட்டார். தீபிகா அழுதாள். நான் மாடியில் நின்ற காரணத்தைச் சொல்ல முடியாததால் மிட்டாயை வாங்கி வாயில் போட்டுக்கொண்டேன். நாகம்மா தினமும் மாலையில் என் சட்டையை முகர்ந்து பார்க்கிறாள், அந்தச் சட்டை எதையும் உறிஞ்சாத ரகம் என்பதால் அவளுக்கு இன்னும் ஆதாரம் கிடைக்கவில்லை.

இவ்வளவையும் சிரிப்பதற்காக எழுதவில்லை. டாக்டரம்மா சொன்ன தேதி நெருங்கிவிட்டது. அதற்கு முன்னாலும் வரலாம் என்கிறார். நேற்று மத்தியானம் தீபிகா படுக்கையை விட்டு இறங்கி, வெறும் தரையில், முதுகுக்கு அடியில் ஈரத்துண்டை விரித்துப் படுத்திருந்தாள். அந்தத் துண்டும் தண்ணீரைக் குடிக்காத துண்டு, தரையெல்லாம் ஈரம். நான் விசிறிக்கொண்டிருந்தேன். அவள் எதையும் கேட்டு வாங்கும் பெண் இல்லை, சின்ன வயதிலிருந்தே அப்படி. கண்ணைத் திறக்காமலே, "அப்பா, துணி கெடச்சுதா?" என்றாள். நான் விசிறியை வேகமாக வீசினேன். கொஞ்ச நேரம் கழித்து, "பரவால்லப்பா. எனக்கு இருக்கிற மாதிரி அதுக்கும் வந்துடுமோன்னுதான் பயமா இருக்கு. பாப்பாவுக்கு எங்க அரிக்குதுன்னு சொல்லத் தெரியாதுல்ல" என்றாள். நான் மொட்டை மாடிக்குப் போய்விட்டேன். எத்தனையோ ஆயிரம் பேருடைய உடுப்புக்கு ஒப்புதல் கையெழுத்துப் போட்ட கை இது. ஒரு கைப்பிடி உயிரைச் சுற்றி வைக்க ஒரு முழம் துணி அதற்குக் கிடைக்கவில்லை.

ஆகவே கேட்கிறேன். பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டாருக்குப் புதுத்துணி எடுத்துக் கொடுப்பதுதான் முறை, சம்பந்தியிடம் போய்க் கட்டின வேட்டியைக் கேட்ட கதை எங்கள் சொந்த ஊரான அருப்புக்கோட்டைப் பக்கத்திலும் இல்லை, உங்கள் பட்டாபிராமிலும் இருக்காது. இருந்தாலும் கேட்கிறேன். எந்த வேட்டியைக் கட்டினால் சம்பந்தியம்மா தங்களைத் திட்டுகிறார்களோ, எதைக் கட்டிக்கொண்டு வாசலுக்கு வரக்கூடாது என்று மாப்பிள்ளை சொல்கிறாரோ, எது கொடியில் இருக்கிறதா இல்லையா என்று தொட்டுப் பார்த்தால்தான் தெரியுமோ, அதைக் கொடுங்கள். ஓட்டை இருந்தால் மிகவும் நல்லது. தாங்கள் சம்மதித்தால் ஆவடி ஸ்டேஷனில், மேம்பாலப் படிக்கட்டுக்குக் கீழே, நான் மஞ்சள் பையோடு நிற்கிறேன். முறுக்கு கொடுப்பது போல் கொடுத்துவிட்டுப் போய்விடலாம். சம்பந்தியம்மாவுக்கும் நாகம்மாவுக்கும் இது தெரிய வேண்டியதில்லை. ஈடாகப் புது மல் வேட்டிகள் எடுத்துத் தருகிறேன். அந்த பீடி விஷயத்தையும், சமயம் பார்த்து, தாங்களே பக்குவமாகச் சம்பந்தியம்மாவுக்கு எடுத்துச் சொல்லி, என் பெயரில் படிந்த புகையை நீக்கித் தரவும்.

கோடை முடியும்வரை வெயிலில் அலைய வேண்டாம். மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசீர்வாதங்கள். சம்பந்தியம்மாவுக்கு நாகம்மா தன் அன்பைச் சொல்லச் சொன்னாள், தீபிகா இரண்டு பேருக்கும் நமஸ்காரம் சொல்கிறாள். தங்கள் உடம்பும், அது விரும்பிக் கட்டும் துணியும் நூறாண்டு இருக்கட்டும். துணி மட்டும் நூறாண்டு இருந்தால் அது பாலியஸ்டர் என்று பொருள், ஆகவே துணிக்கு அந்த வாழ்த்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

தங்கள் அன்பும் மன்னிப்பும் வேண்டும்,
வேலுசாமி.

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் மாப்பிள்ளை பைக்கில் வந்து இறங்கினார். பின்னால் கயிறு போட்டுக் கட்டி ஒரு பிளாஸ்டிக் டப். குழந்தையைக் குளிப்பாட்டவாம், கைப்பிடியெல்லாம் வைத்து ரோஸ் நிறத்தில் அழகாகத்தான் இருக்கிறது. எங்கே வாங்கினீர்கள் என்று நாகம்மா கேட்டாள். வாங்கவில்லை அத்தை என்றார் மாப்பிள்ளை. கொடியில் தொங்கிய கந்தல்களைப் பார்த்துத்தான் சம்பந்தி, அதாவது நான், மாடியில் நின்று கண் கலங்கிவிட்டார், புகை என்றது சும்மா, நாம் கஷ்டப்படுகிறோம் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது, இனி அவர் கண்ணில் அவை படக் கூடாது என்று சம்பந்தியம்மா இன்று காலை, பழைய துணிக்குப் பிளாஸ்டிக் சாமான் கொடுப்பவர் தெருவில் வந்தபோது, தங்கள் வேட்டிகள் அனைத்தையும், கட்டியிருந்தது நீங்கலாக, மூட்டையாகப் போட்டு இந்த டப்பை எடுத்துவிட்டார்களாம். பிறகு கட்டியிருந்ததும் போய்விட்டதாம். தங்களுக்குச் சுருங்காத, மின்னுகிற, இஸ்திரி வேண்டாத வேட்டிகள் புதிதாக வந்திருக்கின்றனவாம். "அப்பாதான் காலைலேர்ந்து இடுப்ப சொறிஞ்சிகினே கீறாரு மாமா" என்றார் மாப்பிள்ளை.

ஆகவே மேலே எழுதியிருக்கும் எதையும் தாங்கள் படிக்கவில்லை என்று வைத்துக்கொள்ளவும். ஆவடி ஸ்டேஷனுக்கு வர வேண்டாம். பீடி விஷயத்தையும் சம்பந்தியம்மாவிடம் விளக்க வேண்டாம். உண்மை தெரிந்தால் அந்த அம்மாள் மனசு தாங்காது, அவர்களைப் பொறுத்தவரை நான் பீடி குடிக்கிறவனாகவே இருந்துவிட்டுப் போகிறேன். மாப்பிள்ளை காபி குடித்துக்கொண்டிருக்கிறார், முடித்ததும் இந்த உறையை ஒட்டி அவர் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். அரிப்புக்குத் தேங்காய் எண்ணெய் தடவவும். தடவிக்கொண்டே, போன் வேண்டாம், ஸ்பீக்கரில் விழும், ஒரு துண்டுக் காகிதத்தில் இதற்கு மட்டும் பதில் எழுதி மாப்பிள்ளையிடமே திருப்பிக் கொடுத்துவிடவும்: அந்தப் பிளாஸ்டிக் சாமான்காரர் மூட்டையோடு எந்தப் பக்கம் போனார், ஆவடி பக்கமா, முத்தாபுதுப்பேட்டை பக்கமா?